செவித்துணைக் கருவியும் அதனைப் பேணும் முறையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் இலக்கியம் பேசுவோமென்று எண்ணி வந்தோர் சிலர் இவ்வவையில் இருத்தல் கூடும். சங்கக் காரியதரிசியவர்கள் எம்மை அழைத்தபொழுது, "பண்டிதர் தமக்கு விருப்பமான பொருளைப் பேசலாம்" என்றார்கள். யாம் "காது மிஷின்" என்றோம். அவர்கள் சிறிதுபோது எம் முகத்தையே நோக்கி நின்றார்கள்; தம் செவியிற் பட்டது பிழையோவென ஐயுற்றார்கள் போலும்.

தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதலாக வகுத்துக்கொண்டு செல்லுங்கால், உடம்பு, நா, மூக்கு, கண் என்னும் நான்கிற்கும் பின்னரே செவியை வைத்து, அதற்கு மேற்படியில் மனத்தை வைத்தார். கண்ணினும் செவி மனத்திற்கு அணுக்கமானது என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும். இதனை மாணாக்கர்க்குப் பல ஆண்டுகள் பாடஞ் சொல்லியும் எமக்கு இதன் பொருள் விளங்கவில்லை. எம் வீட்டுத் திண்ணையிலேதான் விளங்கிற்று. கண்ணொளி குன்றிய முதியவரை வீட்டார் கைப்பிடித்து அழைத்துச் செல்வர். செவி குன்றிய முதியவரையோ, பேச்சு நிகழும் கூடத்திலேயே இருத்தி வைத்து, அவர் அங்கில்லாதவாறு பேசிச் செல்வர்.

நம் மரபினர் சுத்தியலோடு பிறந்தவர்கள். கன்னார் தெருவில் விடியல் தொடங்கி விளக்கேற்றும் வேளைவரை தவலையும் குடமும் அண்டாவும் அடிபடும் ஓசை ஓயாது ஒலித்த காலத்தை இங்குள்ள முதியோர் பலர் அறிவர். அவ்வோசையைச் சங்கீதமென்று மேடைதோறும் பெருமை பேசினோம், யாமும் பேசியதுண்டு. ஆயின், இத்தாலி நாட்டு வைத்தியராகிய பெர்னார்தினோ ராமசீனி என்பார், 1700-ல் முதற்பதிப்பாகவும் 1713-ல் விரிந்த பதிப்பாகவும் வெளிவந்த தொழிலாளர் நோய்களைப் பற்றிய தம் நூலில், வெனிஸ் நகரத்துச் செம்புகொட்டிகளைக் கண்டு எழுதிய செய்தி வேறு. செம்பினை இடையறாது அடிக்கும் ஓசையால் அவர்களுடைய செவிகள் மந்தமாகி, அத்தொழிலிலேயே முதுமை எய்துவோர் முழுச் செவிடராகின்றனர் என்று அவர் குறித்தார். வெனிஸ் எங்கே, நம் கன்னார் தெரு எங்கே! ஆயினும் செம்பு ஒன்று, சுத்தியல் ஒன்று, செவியும் ஒன்றே.

இதன் காரணத்தைச் சுருங்கச் சொல்வோம். உட்செவியில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு உளது. அதனுள் ஒலியை ஏற்று நரம்பிற்கு அளிக்கும் நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. பேரோசையாலும் முதுமையாலும் அவை அழிகின்றன. மனிதர்க்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. அவற்றுள்ளும் உயர்ந்த சுருதியுடைய ஒலிகளை ஏற்பனவே பெரும்பாலும் முதலிற் கெடுகின்றன.

இவ்விடத்தில் எழுத்திலக்கணம் கற்றோர்க்கு வியப்பான செய்தியொன்று உண்டு. பேச்சில் உயிரெழுத்துக்கள் தாழ்ந்த சுருதியும் மிகுந்த வலிமையும் உடையன. மெய்களுள்ளும் மூக்கிற் பிறக்கும் மெல்லினம் தாழ்ந்த சுருதியுடையது. சொல்லின் முதலில் நிற்கும் க, ச, த, ப என்பனவோ நொடிப்பொழுது தோன்றி மறையும் மெலிந்த ஒலிகள், உயர்ந்த சுருதியின. ஆதலின், மார்பில் வலிந்து பிறப்பனவென்று நம் முன்னோர் வல்லினம் எனப் பெயரிட்டவையே முதியவர் செவியில் முதலில் மறைகின்றன. "பேசுவது கேட்கிறது, என்னவென்றுதான் விளங்கவில்லை" என்று அவர்கள் கூறுவது இதனாலேயே. அது முற்றிலும் உண்மையான கூற்று. நாமோ, "வேண்டியது மட்டும் கேட்கும், வேண்டாதது கேட்காது" என்று பரிகாசம் செய்கின்றோம்.

எம் தந்தையார் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பித்தளைப் பாத்திரம் அடித்தவர். எம் மனைவியார் "சட்டையைக் கொடுங்கள், மாமா" என்றால், அவர் கொல்லைக்குச் சென்று ஒரு கட்டையை எடுத்து வந்து கொடுப்பார். வீட்டிற் பிள்ளைகள் சிரித்தார்கள், யாமும் சிரித்தோம். பின்னர் ஒருவாறு அவரை இசைவித்து, செவியைச் சோதிப்பித்து, காதின் பின்புறம் அணியும் கருவியொன்றை வாங்கினோம். விற்றவர் அணியும் முறையைப் பத்து நிமிடத்திற் காட்டினார். கையிற் கொடுத்த சிறு புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதனை யாம் படிக்கவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகின்றோம்.

இரண்டு மாதம் அணிந்தார். "காதுக்குள் வண்டு இரைகிறது" என்றார். பின்னர், "ஒன்றும் கேட்கவில்லை" என்றார். பின்னர் ஒன்றும் சொல்லவில்லை. கருவி வெற்றிலைப் பெட்டிக்குள் சென்றுவிட்டது. அவர் பிடிவாதக்காரரென்று யாம் தீர்மானித்துவிட்டோம். பதினான்கு மாதங்கள் இங்ஙனம் கழிந்தன.

அப்பதினான்கு மாதத்துள் நிகழ்ந்த ஒன்றை அவருடைய இசைவு பெற்றே இங்குச் சொல்கின்றோம். அடுத்த தெருவில் அவர் வாடகைக்கு வைத்திருந்த பட்டறையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. முழங்கால் வலியால் அவர் அங்குச் செல்வதை நிறுத்தி நெடுநாளாகியிருந்தது. கூடத்தில் யாம் எல்லோரும் கூடிப் பேசினோம். "பட்டறையை ஒழித்துவிடலாமா அப்பா? பழைய சாமான்களை எடைக்குப் போட்டுவிடலாமா?" என்று உரத்த குரலில் கேட்டோம். "சரி தம்பி, சரி" என்றார். போட்டுவிட்டோம்.

அடுத்த மாதம் எம் பள்ளிக்கு மாணாக்கரின் செவியைச் சோதிக்க ஆடியாலஜிஸ்ட் அம்மையார் ஒருவர் வந்தார். பேச்சுவாக்கில் எம் தந்தையாரின் கருவியைப் பற்றிச் சொல்ல, எடுத்து வரும்படி பணித்தார். மறுநாள் கொண்டு சென்றோம். அவர் கருவியை ஆராய்வதற்கு முன்னர்க் காதச்சையும் குழாயையும் கழற்றி வெளிச்சத்திற் பிடித்தார். அச்சின் துளை காதழுக்கால் முற்றிலும் அடைபட்டிருந்தது. குழாய் மஞ்சள் நிறமேறிக் கம்பிபோல் விறைத்திருந்தது. "கருவிக்கு ஒரு குறையுமில்லை, ஐயா, ஒலி வெளியே வர வழியில்லை" என்றார். அழுக்கை அகற்றிக் குழாயை மாற்றிப் புதிய பாட்டரி இட்டுக் கொடுப்பதற்குக் கால் மணி நேரம்கூடச் செல்லவில்லை.

அன்று மாலை அதனை அணிந்துகொண்டதும் எம் தந்தையார் முதலிற் கூறியது, "ஏன் தம்பி இப்படிக் கத்துகிறாய்?" என்பதே. உரக்கப் பேசுவது எமக்கு அத்துணைப் பழக்கமாகிவிட்டிருந்தது. நான்காம் நாள் மெல்ல நடந்து பட்டறைக்குச் சென்று திரும்பினார். "என் சுத்தியல்கள் எங்கே?" என்றார். "நீங்கள் சரியென்றீர்களே, அப்பா" என்றோம். "நீ கேட்டது என்னவென்று யாருக்குத் தெரியும்? எல்லாரும் என் முகத்தைப் பார்த்தீர்கள், சரியென்றேன்" என்றார்.

பழைய இரும்புக் கடைகளில் தேடினோம். ஒன்றே அகப்பட்டது.

இனி, இக்கருவியைப் பற்றித் தெளிவாகச் சொல்வோம். காதின் பின்புறத்தில் பிறை போல் அமர்வது கருவியின் உடல். அதனுள் ஒலியை வாங்கும் மைக், பெருக்கும் சில்லு, பெருக்கிய ஒலியை வெளியிடும் ஒலிவாய், பாட்டரி ஆகியவை உள்ளன. காதின் மேல் வளைந்து வரும் கொக்கி, அதிற் செருகிய மெல்லிய குழாய், அக்குழாயின் முனையில் காதினுள் அமரும் அச்சு என்பன வெளியுறுப்புக்கள். கடைக்காரர் மோல்டு என்று கூறும் இவ்வச்சு அவரவர் காதிற்குப் படியெடுத்து வார்க்கப்படுவது. ஒருவர்க்குரியது பிறர்க்கு ஆகாது. வார்ப்பு வேலை அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரு செவிக்கும் கருவி உடையார்க்குச் சிவப்புக் குறி வலம், நீலக் குறி இடம் என்பது உலகெங்கும் உள்ள வழக்கு.

கருவி பேசாவிடில், பெரும்பான்மையும் அழுக்கு, ஈரம், பாட்டரி ஆகிய மூன்றனுள் ஒன்றே காரணமாக இருக்கும். கடைக்கு ஓடுமுன் இம்மூன்றையும் வீட்டார் பார்த்தல் வேண்டும்.

அழுக்கை முதலிற் கூறுவோம். நாள்தோறும் இரவில் கருவியைக் கழற்றியவுடன் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, அச்சின் துளையை அதற்கென்று தரும் சிறு தூரிகையாலோ வளையத்தாலோ துப்புரவு செய்க. ஊசி, குச்சி முதலியவற்றால் குத்தலாகாது. வாரத்திற்கு ஒருமுறையேனும் குழாயைக் கொக்கியினின்றும் மெல்லப் பிரித்து, அச்சையும் குழாயையும் மட்டும் வெதுவெதுப்பான சோப்பு நீரிற் கழுவி, இரவு முழுதும் உலரவிட்டுக் காலையில் மாட்டுக. கருவியின் உடலில் ஒரு துளி நீரும் படலாகாது. குழாயினுள் நீர்த்துளி தங்கினால் அதற்கென விற்கும் ரப்பர்ப் பந்தினால் காற்றை ஊதி வெளியேற்றுக. வாயால் ஊதுவது தவறு, மூச்சிலேயே ஈரமுண்டு. ஸ்பிரிட்டு முதலியவற்றால் துடைத்தலும் கூடாது. குழாய் நிறம் மாறி விறைத்தால் மாற்றிவிடுக. பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்திற்கொருமுறை மாற்ற நேரும். அதன் விலை சொற்பம். அதனை மாற்றாமையால் நேரும் இழப்பு எத்தகையதென்று மேலே சொன்னோம்.

காதிலுள்ள அழுக்கை வைத்தியரே அகற்ற வேண்டும். காய்ச்சிய எண்ணெய் விடுவதும், கொண்டை ஊசியால் குடைவதும் நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். அவற்றை விட்டொழிப்பதே சிலாக்கியம்.

ஈரத்தைப் பற்றி நம் நாட்டார் சிறப்பாகக் கருத வேண்டும். குளிர்நாட்டார்க்கு இத்துணைக் கவலை இல்லை. நமக்கோ வியர்வை, கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம், மார்கழிப் பனி, ஐப்பசி மழை. வியர்வை காதின் பின்புறம் வழிந்து கருவியின் மைக் துளைகளை அடைக்கும். ஆதலின் இரவில் பாட்டரிக் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட மூடிய டப்பாவில் கருவியை வைத்தல் வேண்டும். அம்மணிகளின் நிறம் மாறினால் அவை ஈரத்தால் நிறைந்தனவென்று அறிந்து மாற்றுக. அடுப்பங்கரையிலோ வெயிலிலோ வைத்து உலர்த்தலாகாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன் கருவியைக் கழற்றுக. குளித்துத் தலை துவட்டித் தைலமும் பவுடரும் பூசி முடித்த பின்னரே அணிக. சவரக் கடையிலும் அவ்வாறே.

பாட்டரியைப் பற்றிச் சில சொற்கள். இக்கருவிகளிற் பல துத்தநாகமும் காற்றும் கூடி மின்னுண்டாக்கும் பொத்தான் பாட்டரியால் இயங்குகின்றன. காதின்பின் அணிவனவற்றிற்கு 13 என்னும் எண்ணுடைய ஆரஞ்சு நிற ஒட்டுக் கொண்டதும், 675 என்னும் எண்ணுடைய நீல நிற ஒட்டுக் கொண்டதும் மிகுதியாக வழங்குகின்றன. ஒட்டை உரித்தவுடன் கருவியில் இட்டு மூடிவிடுவது பலர் செய்யும் தவறு. நுண்துளை வழியே காற்று உட்புக வேண்டும். ஆதலின் ஒரு நிமிடமேனும் வெளியில் வைத்துப் பின்னர் இடுக. ஒருமுறை உரித்த ஒட்டை மீண்டும் ஒட்டுவதால் பயனில்லை. அது தன் வேலையைத் தொடங்கிவிட்டது. குளிர்ப் பெட்டியிலும், சில்லறைக் காசோடு மடியிலும் வைத்தலாகாது. அணியும் நேரத்திற்கும் ஒலியின் அளவிற்கும் ஏற்ப ஒன்று முதல் மூன்று வாரம் வரை வரும். நெடுநாள் அணியாதபோது கழற்றி வைக்காவிடில், அது கசிந்து கருவியைக் கெடுக்கும். இரவில் மின்னூட்டும் வகையும் இப்போது வந்துள்ளது, அதற்கு இத்தொல்லையில்லை.

தாய்மார்கள் இதனைக் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். இப்பொத்தான் பாட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து; மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் பெருங்கேடு. ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. முதியவர்கள் மாத்திரையென்று மயங்கி விழுங்குவதும் உண்டு. ஆகவே மாத்திரை டப்பாவிற்கு அருகில் பாட்டரி இருக்கவே கூடாது. வீட்டில் நாய் வளர்ப்போரும் எச்சரிக்கையாக இருக்க. காதின் மணம் பட்ட கருவியை நாய் விரும்பிக் கடிக்கும்.

கருவி இயங்குகிறதா என்று அறிய எளிய வழியொன்று உண்டு. ஒலியைக் கூட்டிக் குவித்த கைக்குள் வைத்தால் கீச்சென்று கூவும், கூவினால் உயிருண்டு. ஆனால் இக்காலத்துக் கருவிகள் சில அக்கூவலைத் தாமே அடக்கிக்கொள்ளும். காதில் அணிந்திருக்கும்போதே ஓயாமற் கூவுமாயின், அச்சு சரியாகப் பொருந்தவில்லை. அல்லது காதில் அழுக்கு மிகுந்துள்ளது. அல்லது குழாய் வெடித்துள்ளது என்று அறிக. கூவலை நிறுத்த ஒலியைக் குறைத்துவிடுவது வீட்டார் செய்யும் கைவைத்தியம். அது கூவலையும் நிறுத்தும், கேள்வியையும் நிறுத்தும். 2020 முதல் முகக்கவசம் அணிந்த காலத்தில் அதன் கயிறு சிக்கிக் கருவி தெறித்து விழுந்து தொலைந்தோர் பலர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றும்போதும் இவ்விழிப்பு வேண்டும். காந்தத்தாற் செய்யும் எம்.ஆர்.ஐ. சோதனை அறைக்குள் கருவியை அணிந்து புகலாகாது.

புதிதாக அணிவோர் முதல் நாளிலேயே கலியாண வீட்டிற்கு அணிந்து சென்றால் அன்றே அதனை வெறுப்பர். பல்லாண்டு கேளாதிருந்த மின்விசிறி, குக்கர், பாத்திரம், செய்தித்தாளின் சலசலப்பு ஆகிய யாவும் ஒருங்கே வந்து மோதும். தம் குரலே அயலார் குரல் போல் ஒலிக்கும். எம் தந்தையார் கூறிய வண்டு இதுவே. அமைதியான அறையில், ஒருவரோடு பேசுவதிற் தொடங்கி, நாளுக்குச் சில மணி நேரமாகக் கூட்டிக்கொண்டு செல்ல வேண்டும். மூளை பழகச் சில வாரம் செல்லும். பழகிய பின்னும் இரைச்சல் மிகுந்தால் ஆடியாலஜிஸ்டிடம் சென்று கருவியைத் திருத்தியமைத்துக்கொள்ளலாம். அது கணினியின் உதவியாற் செய்யும் வேலை. ஒருமுறை வாங்கியதோடு போக்குவரத்து முடிந்ததென்று எண்ணியதே எம் பிழை. சோதனையின்றிச் சந்தையில் விற்கும் ஒலிபெருக்கிகளை வாங்கி மாட்டுவது, பிறர் கண்ணாடியை இரவல் வாங்குவதனினும் கொடிது. அளவு மீறிய ஒலி எஞ்சிய செவியையும் கெடுக்கும்.

எத்துணை உயர்ந்த கருவியும் பழைய செவியை மீட்டுத் தாராது. எஞ்சியதை நாம் நிறைக்க வேண்டும். சமையலறையிலிருந்து கூவாமல் எதிரே வந்து, வெளிச்சம் நம் முகத்திற் படும்படி நின்று, முதலில் அழைத்து, அவர் நோக்கிய பின்னர்ப் பேசுக. கத்தலாகாது, கத்தினால் உயிரெழுத்துக்களே பெருகும், மெய்கள் மேலும் மறையும். நிறுத்திப் பேசுதல் வேண்டும். ஒரு சொல் விளங்காவிடில் அதனையே மும்முறை சொல்லாமல் வேறு சொல்லாற் கூறுக. நம் மொழியில் ஒருபொருட் பன்மொழிக்குப் பஞ்சமில்லை. "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று மட்டும் கூறாதீர்கள். முக்கியமான காரியமாயின், கேட்டதைத் திருப்பிச் சொல்லுமாறு வேண்டுக. "சரி" என்பதை விடையாகக் கொள்ளற்க.

பொருள் வசதி இல்லாதார், தமிழ்நாட்டரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வாயிலாகக் காதின்பின் அணியும் கருவிகள் விலையின்றி வழங்கப்பெறுவதை அறிந்து, மாவட்ட அலுவலகத்திற் சான்றுகளோடு விண்ணப்பிக்கலாம். அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் காது மூக்குத் தொண்டைப் பிரிவிற் சோதனை செய்விக்கலாம். இதில் வெட்கம் ஏதுமில்லை. கண்ணாடி அணிபவரைப் படித்தவரென்று மதிக்கும் நாம், செவிக்கருவி அணிபவரை மட்டும் ஏன் உற்றுப் பார்க்கின்றோம்?

இளைஞர்களுக்கு ஒன்று. இன்று நம்மவருட் சிலர் சுத்தியலை விட்டு மெருகு ஏற்றும் இயந்திரத்திற்கும் அறுக்கும் இயந்திரத்திற்கும் மாறியிருக்கின்றனர். ஓசை குறையவில்லை. காதடைப்பான் அணிந்து வேலை செய்க. ராமசீனி கூறியதை நம் தெருவில் நாம் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை.

எம் தந்தையாரும் இவ்வவையில் வீற்றிருக்கின்றார். மின்விசிறியின் கீழே இரைச்சல் மிகுமென்று மூன்றாம் வரிசையின் ஓரத்தில் இடம் தேர்ந்து அமர்ந்துள்ளார். யாம் இதுகாறும் பேசியதில் பிழையிருப்பின் வீட்டிற்குச் சென்றதும் திருத்துவார். அடைபட்ட அப்பழைய குழாயையும் அச்சையும் ஒரு காகிதத்திற் பொதிந்து கொண்டு வந்திருக்கின்றோம். இதோ முதல் வரிசையிற் கொடுக்கின்றோம்; ஒவ்வொருவராகப் பார்த்துக் கைமாற்றுங்கள். வீட்டில் பெட்டிக்குள் உறங்கும் கருவி உடையோர் அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்போது அதனை எடுத்து வாருங்கள். தூரிகையும் ரப்பர்ப் பந்தும் யாம் கொண்டு வருவோம்.